மூணு பெட்டிக்கு ஒரு மாலை

குருன்னதும் தாடியத் தேடாதீங்க. இந்தக் குருவுக்கு முப்பத்தி நாலு வயசு. பேரு ரஹ்மத் பீவி. கம்ப்யூட்டர் வேலை சொல்லிக் குடுக்க விருதுநகர்ல இருந்து பஸ்ல வருவாங்க. தோள்ல ஒரு பை, பைக்குள்ள ஒரு லேப்டாப், ஒரு டிபன் பாக்ஸ், அவ்வளவுதான்.

சிஷ்யருக்கு அம்பத்தி ரெண்டு வயசு. பேரு குழந்தைவேலு. முன்னாடி மைக்செட் வச்சிருந்தவரு.

ரெண்டு பேரும் சந்திச்ச எடம் அருப்புக்கோட்டையில 'குரல் இல்லம்'. தொண்டையில கேன்சர் வந்து, ஆபரேஷன்ல குரல்வளையவே எடுக்கப் போறவங்க, அதுக்கு முன்னாடி இங்க வந்து நாலு நாள் பேசிட்டுப் போவாங்க. கதை, திட்டு, தாலாட்டு, பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து, எது வாயில வருதோ அது. அத்தனையும் பதிஞ்சு வச்சுக்குவாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் கையில சின்னதா ஒரு மிஷின் குடுப்பாங்க. அதுல எழுதினா, எழுதினவங்க குரல்லயே பேசும்.

பதிஞ்சது தொலைஞ்சா திரும்பப் பதிய முடியாது. ஆள் இருப்பாங்க. குரல் இருக்காது.

பதியறதும் பாதுகாக்கறதும் குழந்தைவேலு வேலை. அவருகிட்ட ஒரு பழக்கம். யாரு கூட நாலு நாள் உக்காந்தாலும் அவங்க குரல் இவரு தொண்டையில ஒட்டிக்கும். மேனேஜர் கனகசபை குரல்ல ஒரு தடவ இன்டர்காம்ல பேசி, ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு லீவு குடுத்துட்டாரு. அவங்களும் போயிட்டாங்க. மறுநாள் மேனேஜருக்கே சந்தேகம் வந்துருச்சு, நாமதான் குடுத்தோமோன்னு.

ரஹ்மத் மொத தடவ வந்தப்ப, குழந்தைவேலு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு.

"ஒவ்வொரு குரலுக்கும் மூணு காப்பி வச்சிருக்கேன் டீச்சர்."

"எங்க?"

"இந்தா, இதுக்குள்ள."

ஒரு பெட்டி. பழைய டிவி அளவுக்குக் கறுப்பா ஒண்ணு.

"மூணு டிஸ்க் இருக்கு டீச்சர். ஒண்ணு போனா இன்னொண்ணு. அதுவும் போனா..."

"அந்தப் பெட்டியக் கொஞ்சம் ஆஃப் பண்ணித் தூக்குங்க."

தூக்கினாரு.

"வாசலுக்குக் கொண்டு போங்க."

கொண்டு போனாரு.

"இப்ப உள்ள எத்தன காப்பி இருக்குண்ணே?"

குழந்தைவேலு பெட்டியோட வாசல்லயே நின்னாரு. வெயில் அடிச்சுது. தெருவுல போன ஒருத்தரு, "என்ன மைக்செட்டு, வீடு மாத்துறியா?"ன்னு கேட்டாரு.

"உள்ள வரலாமா டீச்சர்?"

"வாங்க."

காப்பி எடுக்கற சாஃப்ட்வேர்ல ஒரு வரி இருக்கு. 'ஒவ்வொரு காப்பியும் வேற வேற இன்னதுல இருக்கணும்'னு. அந்த 'இன்னது' இருக்கற எடத்துல டிஸ்க்னு இருந்துச்சு. ரஹ்மத் அத அழிச்சுட்டு, பெட்டின்னு மாத்தினாங்க. இன்னும் ரெண்டு பெட்டி வாங்கியாந்தாங்க. மூணு பெட்டி, பெட்டிக்கு ஒரு காப்பி.

குழந்தைவேலு மூணுக்கும் பேரு வச்சாரு. பெரியவன், நடுவுலவன், சின்னவன்.

அடுத்த மாசம் ரஹ்மத் வந்தாங்க. செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தவங்க, தரையில கெடந்த எக்ஸ்டென்ஷன் போர்டு சுவிட்ச கால் கட்டவிரலால தட்டிவிட்டாங்க.

மூணு பெட்டியும் இருண்டு போச்சு.

"டீச்சர், கரண்ட் போயிருச்சு."

"ஃபேன் சுத்துதேண்ணே."

குழந்தைவேலு மேல பாத்தாரு. ஃபேன் சுத்துச்சு. கீழ பாத்தாரு. டீச்சர் காலப் பாத்தாரு. முப்பது வருஷம் கல்யாண வீட்டுல வயர் இழுத்த மனுஷன், ஒரே போர்டுல மூணையும் மாட்டிட்டு நின்னாரு.

அன்னைக்கே பெரியவன் ஆபீஸ் ரூமுக்குப் போனான். நடுவுலவன் பின்கட்டு ஸ்டோர் ரூமுக்கு. சின்னவன் மாடிக்கு. மூணு ரூமுக்கும் தனித்தனி லைன், தனித்தனி பேட்டரி. அந்த வரியில பெட்டிய அழிச்சுட்டு, ரூம்னு மாத்தினாங்க.

"இதுக்கு அப்புறம் என்ன எழுதணும் டீச்சர்?"

"எதெது ஒண்ணா விழும்னு பாத்துக்கிட்டே இருங்க."

"அதான் பாத்தாச்சே."

"அது ஒரே எடத்துல நிக்காதுண்ணே."

குழந்தைவேலு தலையாட்டினாரு. புரிஞ்சவங்க ஆட்டுறதுக்கும் புரியாதவங்க ஆட்டுறதுக்கும் கழுத்துல ஒரு சின்ன வித்தியாசம் இருக்கு. ரஹ்மத் அதப் பாத்தாங்க.

நாலு வருஷம் ஓடிச்சு. இடையில ரெண்டு டிஸ்க் செத்துச்சு. ஒரு தடவ மாடி ரூமுக்குள்ள மழத்தண்ணி வந்துச்சு. குரல் ஒண்ணு கூடத் தொலையல.

அந்த வருஷம் புரட்டாசியில சௌந்தரபாண்டி வந்தாரு.

தனியார் பஸ்ல கண்டக்டரு. நாப்பத்தி ஏழு வயசு. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல அவரு கூப்பிட்டா, டீக்கடையில தூங்குறவன் எந்திரிச்சு ஓடியாந்து ஏறுவான், தூத்துக்குடிக்குப் போற வேலையே இல்லாட்டியும். அந்தத் தொண்டையிலதான் கட்டி.

நாலு நாள் பதிஞ்சாங்க.

"என்ன பேசணும்ணே?"

"என்ன வேணாலும் பேசுங்க."

"பஸ் ஸ்டாண்டுல பேசுறதப் பேசவா?"

"அதத்தான் பேசணும்."

பேசினாரு. கண்ணாடி அதிர்ந்துச்சு. குழந்தைவேலு ஹெட்போனக் கழட்டி வச்சுட்டுக் கேட்டாரு.

போறப்ப, சௌந்தரபாண்டி பெட்டி இருக்கற ரூம எட்டிப் பாத்தாரு.

"இதுலதான் இருப்பனா?"

"இதுலயும், இன்னும் ரெண்டுலயும்."

"படியில தொங்க விட்டுறாதீங்க."

செவ்வாக்கிழமை மதுரையில ஆபரேஷன் முடிஞ்சுது. வியாழக்கிழமை ஆயுத பூஜை.

குழந்தைவேலு அன்னைக்கு விடியமுந்தியே குளிச்சாரு. மனசு நெறஞ்சு போயிருந்துச்சு. எரநூத்திப் பதினோரு பேரு குரல். ஒண்ணு தொலையல. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு இந்தப் பெட்டிங்க என்ன செய்யும்? நல்லபடியா ஒரு கும்புடு போடணும்னு நெனச்சாரு.

மூணு பெட்டியையும் ஒழுங்கா ஆஃப் பண்ணினாரு. வெளக்கு அணையற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு. ஆபீஸ் ரூம்ல இருந்து பெரியவனத் தூக்கியாந்தாரு. பின்கட்டுல இருந்து நடுவுலவன. மாடியில இருந்து சின்னவன, ஒவ்வொரு படியா, கொழந்தையத் தூக்குற மாதிரி. ஹால்ல மடக்கு மேசைய விரிச்சு, மூணையும் வரிசையா உக்கார வச்சாரு. மைக்செட் காலத்து மேசை. தொடச்சாரு. சந்தனம் வச்சாரு, குங்குமம் வச்சாரு. பக்கத்துலயே தரையில, சாமி படத்துக்கு முன்னாடி துண்டு விரிச்சு, ஸ்க்ரூ டிரைவரு, கட்டிங் பிளேயரு, மீட்டரு, ஹெட்போனு, எல்லாத்துக்கும் ஒரு பொட்டு. மூணு பெட்டிக்கும் சேத்து ஒரே மாலை. நீளமா, சம்பங்கி.

பொரி திங்க வாங்கன்னு ரஹ்மத்துக்கும் மொதநாளே போன் பண்ணியிருந்தாரு. பத்து மணிக்கு வந்தாங்க. வாசப்படியிலயே நின்னுட்டாங்க.

"எப்புடி டீச்சர்?"

"அழகா இருக்குண்ணே."

"மூணும் ஒண்ணா இருந்து பாத்ததே இல்ல. அண்ணன் தம்பி மாதிரி இல்ல?"

"ஆமா."

ரஹ்மத் மேசைய ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. அப்புறம் மெதுவா மாலைய ஒரு பக்கமா ஒதுக்கி, நடுவுலவனத் தூக்கினாங்க.

"டீச்சர், பூஜை இன்னும் முடியல."

"தெரியும்ணே."

"அப்புறம் எங்க கொண்டு போறீங்க?"

"இவன் ரூமுக்கு."

"டீச்சர், நல்ல நாள் அதுவுமா..."

ரஹ்மத் நிக்கல. பின்கட்டு ஸ்டோர் ரூம்ல வச்சு, வயர மாட்டி, ஆன் பண்ணிட்டு வந்தாங்க. சந்தனம் கையில ஒட்டியிருந்துச்சு. துடைக்கல.

குழந்தைவேலுக்கு மொகம் சுருங்கிப் போச்சு. மாலை நடுவுல தொய்ஞ்சு கெடந்துச்சு. பல்லு விழுந்த வாய் மாதிரி ஒரு ஓட்டை.

அந்த ஓட்டையப் பாத்தவரு மேனேஜர் கனகசபை.

"என்னப்பா நடுவுல காலியா கெடக்கு? அந்த இன்வெர்ட்டர் பேட்டரியத் தூக்கி வை. அதுவும் ஆயுதந்தான."

"சார், அது வெயிட்டு."

"வெயிட்டு இருக்கறதுக்குத்தான் சாமி. நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்."

ரெண்டு பேரும் புடிச்சு வச்சாங்க. கனகசபை ரெண்டடி பின்னால போய், தலையச் சாச்சு அழகு பாத்தாரு.

"இப்ப பாரு. நெறவா இருக்கு."

மேசை மடங்கிருச்சு.

மடக்கு மேசையோட வேலை மடங்கறது. அது தன் வேலையச் செஞ்சுது. பெரியவன் முன்னால விழுந்தான். சின்னவன் பக்கவாட்டுல விழுந்தான். சின்னவன் மேல பேட்டரி விழுந்துச்சு. பொரி ஹால் பூராவும் செதறுச்சு.



"யாரு மேலயும் விழலைல?"ன்னு ரஹ்மத் கேட்டாங்க.

"பேட்டரி நல்லாருக்கா பாரு"ன்னு கனகசபை கேட்டாரு.

குழந்தைவேலு முட்டி போட்டு உக்காந்துட்டாரு. சின்னவனோட ஒரு பக்கம் அப்பளம் மாதிரி நசுங்கியிருந்துச்சு.

அந்த நேரம் பாத்து வாசல்ல ஒரு அம்மா நின்னாங்க. கையில ஒயர் கூடை. சௌந்தரபாண்டி சம்சாரம் மாரீஸ்வரி. மாத்துத்துணி எடுக்க மதுரையில இருந்து வந்தவங்க.

"மைக்செட்டண்ணே இருக்காங்களா?"

"இருக்கேம்மா. எப்படி இருக்காரு?"

"நல்லாருக்காரு. கண்ணு முழிச்சதும் சிலேட்டக் கேட்டாரு. மொத மொத என்ன எழுதுனாரு தெரியுமா? என் பேரு இல்ல, புள்ள பேரு இல்ல. 'என் குரல் இருக்கா'ன்னு எழுதுனாரு." மாரீஸ்வரி போன எடுத்தாங்க. "என் தம்பி அவரு பக்கத்துல இருக்கான். இப்ப போன் போடுறேன். ஒரு தடவ அவரு குரலக் காட்டிருங்க. கேட்டுட்டாருன்னா கொஞ்சம் கண்ணசந்து தூங்குவாரு."

குழந்தைவேலு எந்திரிச்சு நின்னாரு. பொரி வேட்டியில இருந்து உதிந்துச்சு.

"ஒரு நிமிஷம் உக்காரும்மா."

பின்கட்டுக்கு ஓடுனாரு. ரஹ்மத் ஏற்கனவே அங்க நடுவுலவன் முன்னாடி உக்காந்திருந்தாங்க. ஸ்கிரீன்ல ஒரே செவப்பு.

"டீச்சர், இவன்கிட்ட ஒரு காப்பி முழுசா இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப சௌந்தரபாண்டியத் தொறந்து குடுங்க. அந்தம்மா போனோட நிக்குது."

"தொறக்க மாட்டான்."

"ஏன்?"

"மூணு பேர்ல ரெண்டு பேராச்சும் இருந்தாத்தான் வாயத் தொறப்பான். இப்ப ஒத்தையா இருக்கான்."

"வச்சிருக்கறதச் சொல்றதுக்கு என்ன கேடு?"

"தான் வச்சிருக்கறதுதான் கடைசியா பதிஞ்சதான்னு அவனுக்குத் தெரியாதுண்ணே. இன்னொருத்தன் ஆமான்னு சொல்லணும். அதுவரைக்கும் பேச மாட்டான்."

"மிரட்டித் தொறக்க வழி இல்லையா?"

"இருக்கு. இருக்கறது ஒரே காப்பி. அதுல மிரட்டிப் பாக்கவா?"



குழந்தைவேலு ஹாலுக்கு வந்தாரு. கனகசபை அவர ஓரமா இழுத்தாரு. காதுல பேசுனாரு. காதுல பேசுறதுன்னா அவருக்கு, நாலு பேருக்கு மட்டும் கேக்கற மாதிரி.

"ஏய் குழந்தை. நீயே பேசிரு."

"சார்?"

"நாலு நாள் அவரு கூட இருந்தல்ல? என் குரல்ல லீவு குடுத்தவன்தான நீ. போன்ல என்ன தெரியப் போகுது? அந்த மனுஷன் நிம்மதியாத் தூங்கட்டும். பெட்டிய அப்புறம் பாத்துக்கலாம்."

குழந்தைவேலுக்கு அந்தக் குரல் வரும். அச்சு அசலா வரும். பந்தல்குடிங்கற எடத்துல அவரு எப்படி இழுப்பாரு, எட்டயபுரத்த எப்படி வெட்டுவாரு, எல்லாம் தொண்டையில ரெடியா நின்னுச்சு. மாரீஸ்வரி போன நீட்டுனாங்க. ஸ்பீக்கர்ல மதுரை ஆஸ்பத்திரி வார்டு சத்தம்.

"மாமா, இந்தா காட்டுறாங்களாம், கேளு"ன்னு அந்தப் பக்கம் மச்சினன் சொன்னான்.

குழந்தைவேலு வாயத் தொறந்தாரு.

பின்கட்டு வாசல்ல ரஹ்மத் நின்னுக்கிட்டு இருந்தாங்க. வேண்டாம்னு தலையாட்டல. மொறைக்கல. சும்மா நின்னாங்க. அவங்களுக்குப் பின்னால நடுவுலவனோட செவப்பு வெளிச்சம் மட்டும் செவுத்துல தெரிஞ்சுது.

குழந்தைவேலு வாய மூடுனாரு. மறுபடி தொறந்தப்ப அவரு சொந்தக் குரல்தான் வந்துச்சு. அது ஒண்ணும் பெரிய குரல் இல்ல.

"சௌந்தரபாண்டி, நான் குழந்தைவேலு பேசுறேன். ஒரு தப்பு பண்ணிட்டேன். மூணு பெட்டியையும் ஒரு மேசையில வச்சு, ரெண்டு கீழ விழுந்துருச்சு. ஒண்ணு நல்லாருக்கு. உங்க குரல் அதுல இருக்கும்னு நம்புறேன். ஆனா இருக்குன்னு சொல்ல இன்னும் ஒரு பெட்டி எந்திரிக்கணும். ஒரு மணி நேரம் குடுங்க."



மாரீஸ்வரி போன அணைச்சாங்க. கூடையக் கீழ வச்சாங்க. தரையில உக்காந்தாங்க.

"இருக்கேன்"ன்னாங்க.

ரஹ்மத் பெரியவனப் பொரட்டிப் பாத்தாங்க. கரண்ட் குடுத்தா மூச்சு இல்ல.

"பவர் சப்ளை போயிருச்சு. டிஸ்க் தப்பிச்சிருக்கலாம். ஓடிக்கிட்டு இருக்கும்போது விழுந்திருந்தா மோசம். நீங்க ஒழுங்கா ஆஃப் பண்ணி வச்சிருந்தீங்க."

"அது ஒண்ணாச்சும் செஞ்சனே."

"பவர் சப்ளை வேணும்."

"இன்னைக்கு ஊர்ல ஒரு கடை தொறந்திருக்காது டீச்சர்."

"சின்னவனுக்கு எந்தப் பக்கம் அடி?"

"டிஸ்க் பக்கம்."

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க.

"அப்ப சின்னவனோடத எடுத்துப் பெரியவனுக்கு மாட்டலாம்"னாங்க ரஹ்மத். "ஸ்க்ரூ டிரைவர் குடுங்கண்ணே."

குழந்தைவேலு அசையல.

"என்னண்ணே?"

"பூஜையில இருக்கு."

சாமி படத்துக்கு முன்னாடி, விரிச்ச துண்டு மேல, ஸ்க்ரூ டிரைவர் சந்தனப் பொட்டோட படுத்திருந்துச்சு. பூஜையில வச்ச ஆயுதத்த மறுநாள் காலையில எடுக்கற வரைக்கும் தொடக்கூடாது. கனகசபை பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாரு, அவங்களோடதும் பூஜையில. எதிர்த்தாப்புல ஒர்க்‌ஷாப், அதுவும். அன்னைக்கு அருப்புக்கோட்டையிலயே சும்மா கெடந்த ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு கூட இல்ல.

ரஹ்மத், அது அவங்க எடுக்கற முடிவு இல்லன்னு கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தாங்க.

குழந்தைவேலு சாமி படத்துக்கு முன்னாடி போய் நின்னாரு.

"தாயே, அந்த ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் மட்டும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் காத்திருந்தாரு. மறுப்பு ஒண்ணும் வரல. எடுத்தாரு.

சின்னவனப் பிரிச்சாங்க. ஆறு ஸ்க்ரூ. ஆறாவது குழந்தைவேலு கைய விட்டு உருண்டு போச்சு. மாரீஸ்வரி பொரிக்குள்ள தேடி எடுத்துக் குடுத்தாங்க. பெரியவனுக்கு மாட்டுனாங்க. ரெண்டு பேருமாத் தூக்கி, ஆபீஸ் ரூமுக்கே கொண்டு போய் வச்சு, ஆன் பண்ணினாங்க.

உர்ர்னு ஒரு சத்தம். நின்னுச்சு. குழந்தைவேலு கண்ண மூடிக்கிட்டாரு. மறுபடி உர்ர்னுச்சு. இந்தத் தடவ நிக்கல.

ரஹ்மத் லேப்டாப் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பெரியவன் நடுவுலவனத் தேடுனான். நடுவுலவன் பெரியவனப் பாத்தான். ரெண்டு பேரும் வச்சிருக்கறத ஒருத்தருக்கொருத்தர் சரி பாத்தாங்க. அதுக்கு ஏழு நிமிஷம் ஆச்சு. அந்த ஏழு நிமிஷத்துல கனகசபை மூணு தடவ மணி கேட்டாரு, கையில வாட்ச் கட்டிக்கிட்டு.

செவப்பு, மஞ்சளா மாறிச்சு.

"மஞ்சள்னா என்ன டீச்சர்?"

"மூணுக்கு ரெண்டு இருக்கு. கொறைதான். ஆனா பேசலாம்."

குழந்தைவேலு ஸ்பீக்கர் வயரச் சொருகுனாரு. மாரீஸ்வரி மதுரைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் வாயில புடிச்சாங்க.

"ஏறு ஏறு ஏறு ஏறு... பந்தல்குடீ, எட்டயபுரம், தூத்துக்குடி. பந்தல்குடீ எட்டயபுரம் தூத்துக்குடி. யோவ் பெரியவரே, படியில நின்னு என்ன ஊர்வலமா பாக்குறீங்க, உள்ள வாங்க, எடம் கெடக்கு. எம்மா, கொழந்தைய மடியில வை, கூடைய நான் வாங்கிக்கிறேன். போலாம் ரை..."

கண்ணாடி அதிர்ந்துச்சு.

மாரீஸ்வரி அழல. மொகத்த ஒரு பக்கமா வச்சுக்கிட்டுக் கேட்டாங்க.

"வீட்லயும் இதே சத்தந்தான். உப்பு கம்மின்னா தெரு முக்கு வரைக்கும் கேக்கும்."

போன்ல பதில் இல்ல. பதில் சொல்ல அந்தப் பக்கம் குரல் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, நகத்தால தட்டுற சத்தம். டிக். டிக்.

குழந்தைவேலு திரும்பிக்கிட்டாரு.

கண்டக்டரு ரெண்டு தடவ தட்டினா வண்டி போகலாம்னு அர்த்தம். அது அங்க எல்லாருக்கும் தெரியும்.

மாரீஸ்வரி எந்திரிச்சு பெரியவனப் பாத்துக் கும்புட்டாங்க. குழந்தைவேலுவப் பாத்துக் கும்புட்டாங்க.

"எனக்கு வேண்டாம்மா. கீழ போட்டவன் நான். டீச்சருக்குச் சொல்லு."

"ஒண்ணத் தூக்கிட்டுப் போனதுதான் நான் செஞ்சது"ன்னாங்க ரஹ்மத். "போன்ல உண்மையச் சொன்னது அவரு."

"பேட்டரிய மேசையில வச்சது யாருன்னு யாரும் கேக்கலயே"ன்னாரு கனகசபை.

கேட்டுருவாங்களோன்னு அவரே பொரிய அள்ள ஆரம்பிச்சாரு.

சாயங்காலம் ஆச்சு. சின்னவனுக்குப் புது டிஸ்க்கும் பவர் சப்ளையும் நாளைக்கு வாங்கிக்கலாம்னு எழுதி வச்சாங்க. மாரீஸ்வரி மதுரை பஸ்ஸுக்குப் போயிட்டாங்க, கூடை நெறைய பொரியோட. ரஹ்மத் பைய மாட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க. குழந்தைவேலு ஹாலக் கூட்டி முடிச்சுட்டு, வெளக்கமாத்தோட வந்து நின்னாரு.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"நீங்க திட்டவே இல்ல."

"திட்டுனா பொரி குடுப்பீங்களா?"

குழந்தைவேலு சிரிக்கல. வெளக்கமாத்தச் செவுத்துல சாச்சாரு.

"நாலு வருஷமா ஒரு குரல் தொலையல. இதுங்க மட்டும் இல்லன்னா அத்தன பேரும் ஊமையாப் போயிருப்பாங்க. அதுக்கு ஒரு நன்றி சொல்லணும்னுதான் மூணையும் ஒரே எடத்துக்கு வரவழைச்சேன். மனசு நெறஞ்சுதான் செஞ்சேன் டீச்சர். நன்றி சொல்றது தப்பா?"

ரஹ்மத் செருப்ப மாட்டிக்கிட்டு இருந்தவங்க, நிமிந்தாங்க.

"தப்பே இல்லண்ணே. நன்றி சொல்றவங்கதான் ரூம் ரூமா நடந்து போகணும்."